ஹரிணியின் அட்டையில் நான் போட்ட டிக்

போன செவ்வாய்க்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முத்துமாரி போன் பண்ணினாள். முப்பத்து மூன்று வருஷம் நான் வேலை பார்த்த அங்கன்வாடி மையத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பிள்ளை அவள்.

"டீச்சர், ஆபீஸ்ல இருந்து மறுபடியும் அந்தப் படிவம் வந்திருக்கு. செல்போன் வீடியோ பாக்கிறதுனால சின்னப் பிள்ளைகளுக்கு என்ன ஆகுது, பெத்தவங்க என்ன நெனைக்காங்கன்னு வீடு வீடாக் கேட்டு எழுதணுமாம். முந்தி நீங்க எழுதுன நோட்டு இருந்தாக் குடுங்களேன். அதைப் பாத்து எழுதிருதேன்."

"ஏட்டி, என் நோட்டைப் பாத்து மட்டும் எழுதிராத!" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் மிரண்டுபோய் "சரி டீச்சர், பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்த படபடப்பு இன்னும் விடவில்லை. அடுப்பில் பாலை வைத்தால் மறந்துவிடுகிறேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "செத்த நேரம் உக்காரேன். தரை தேஞ்சிரப் போகுது" என்கிறார் என் வீட்டுக்காரர். உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? சரி, எழுதியாவது தொலைப்போம் என்று நோட்டை எடுத்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மாசம் சொல்லிக்கொடுத்தார்கள், பாட்டும் எடை போடுகிற தராசும் பழகினேன், இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தெருவில் ஓட்டுக் கட்டடத்தைக் கொடுத்து இருபத்தைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர் மேடம், எங்கள் மேற்பார்வையாளர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பதிவேட்டைத் தொடையில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டுவார். "நல்லா இருக்கு" என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராது. விரல் எங்காவது நிற்கும்.

"இது கேட்டதா, பாத்ததா?"

அவர் கேள்வி அம்புட்டுத்தான். பிள்ளை நடக்கிறது என்று அம்மா சொன்னால் அந்த வரியின் பக்கத்தில் 'கே' போட வேண்டும். நாமே நடக்கக் கண்டால் 'பா'. அரசாங்கப் பதிவேட்டில் அப்படி ஒரு விதியே கிடையாது, அது அவராக வைத்த வழக்கம். 'பா' போட்டுவிட்டுப் பார்க்காமல் இருந்தவள் அவர் கையில் சிக்கினால் செத்தாள்.

காது சோதனைக்கு அவர் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருக்கும். பிள்ளை எதையாவது வைத்து விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். நாம் பின்னால் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். நம் நிழல் பிள்ளை மேல் விழக்கூடாது, தரை அதிர நடக்கக்கூடாது. ஒரே ஒரு தட்டு. பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். நான் முதன்முதலாகச் செய்தபோது பையன் சட்டென்று திரும்பினான். எனக்கு ஒரே சந்தோஷம். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அவன் உன் நிழலைப் பாத்துத் திரும்புனான். அந்தப் பக்கமாப் போயி நில்லு" என்றார். இரண்டாம் தரம் பதற்றத்தில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டேன். "ஒரு தட்டு தட்டுனா சோதனை. ரெண்டு தட்டுனா கெஞ்சல். பிள்ளைகிட்ட எதுக்குக் கெஞ்சுத?" என்று கேட்டார். இன்றைக்கும் என் காதில் அந்தக் குரல் நிற்கிறது.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு மேலே உள்ளவர்கள் அவரை விரட்ட, அவர் எங்களை விரட்டுவார். பதிவேடு போய்ப் போன் வந்தது. காலையில் பிள்ளைகளைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்று, எடையை ஏற்று, முட்டை கொடுத்ததை ஏற்று! போனில் 'கே' போட இடமில்லை, 'பா' போட இடமில்லை. பெற்றோர் கையில் இருக்கும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் மட்டும் நான் பழக்க தோஷத்தில் இன்னும் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். காது சோதனைக்கென்று நான் வைத்திருந்த டம்ளர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் இந்த வீடியோப் படிவம் முதலில் வந்தது. 'ஒரு நாளில் உங்கள் குழந்தை எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கும்?' இது முதல் கேள்வி. தெரு முழுக்க ஒரே பதில்: "அரை மணி நேரம் டீச்சர்." அடேயப்பா, அரை மணி நேரம்! கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிள்ளை வீடியோவில் விளம்பரம் வந்துவிட்டது என்று வீறிட்டு அழும். "இப்பத்தான் எடுத்தான்" என்பார்கள்.

அவர்கள் கருத்தைக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியாயம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் டைப் அடிக்கிற கடைக்குக் காலை பஸ்ஸில் போகிற ஒரு பெண், "போனு இல்லேன்னா எங்க அத்தை இவனை எப்பிடி டீச்சர் சமாளிப்பாக? மூட்டு வலிக்காரி ஓடிப் பிடிப்பாகளா?" என்று என்னையே கேட்டாள். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒருவர், "பகல்ல நான் தூங்கணும்லா? போனு பிள்ளை கையில இருந்தாத்தான் வீடு அமைதியா இருக்கு" என்றார். தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில் தகப்பனாருக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. "வீட்ல நாங்க தெலுங்கு, தெருவுல தமிழ். இவன் மட்டும் கார்ட்டூன் பாத்து இந்தி பேசுதான். யாருகிட்டப் போயி அர்த்தம் கேக்க?" இன்னொரு அம்மாவுக்கு ஒரே பெருமை. "கலர் எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவான் டீச்சர், கேளுங்க!" பச்சை வாளியைக் காட்டினேன். "எல்லோ" என்றான். அம்மா கை தட்டினாள்.

சிரிக்கிறேனே, நான் மட்டும் யோக்கியமா? மையத்தில் முட்டை சாப்பிடாத நான்கு பேரை என் போனில் பாட்டுப் போட்டு உட்காரவைத்து ஊட்டியவள்தான் நானும். அது ஒரு பக்கம் உறுத்த உறுத்த, வெளியே என் சத்தம் கூடிக்கொண்டே போனது. புது மேற்பார்வையாளர் நடத்திய மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து, "மேடம், பிள்ளைகளுக்குப் பேச்சு வராததுக்கு எல்லாம் இந்தப் போனுதான் காரணம்" என்று பேசி, கைதட்டும் வாங்கினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அந்த வேகத்தோடுதான் கோமதி வீட்டுக்குப் போனேன்.

தெருக்கோடியில் தகரக் கொட்டகை, உள்ளே பேண்டேஜ் துணி நெய்கிற நாலு விசைத்தறி, கொட்டகையை ஒட்டி ஒற்றை அறை வீடு. கோமதியின் வீட்டுக்காரர் பாண்டி தறி ஓட்டுவார். கோமதி நூல் சுற்றுவாள், ஓடி வந்து துணியை மடிப்பாள். காலை ஏழு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைச்சாடைதான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. வாய்ப்பக்கம் கையைக் குவித்தால் டீ வந்துவிட்டது. மற்றதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அந்தத் தெருவில் தறிக்காரர்கள் கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அவர்கள் மகள் ஹரிணிக்கு அப்போது மூன்றேகால் வயது. வாசற்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை. மையத்துக்கு எப்போதாவது வருவாள். மற்றவர்கள் பாடும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு மூலையில் இருப்பாள். கூப்பிட்டால் வர மாட்டாள். போன் பைத்தியம், வேறென்ன என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாப்பா?" என்று கோமதியிடம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன்.

"நாலு மணி நேரம் ஆகும் டீச்சர். சில நாள் அதுக்கு மேலயும்" என்று கோமதி கத்திச் சொன்னாள்.

அந்தத் தெருவிலேயே உண்மையைச் சொன்ன ஒரே தாய் அவள். அவளைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "இந்தச் சத்தத்துல அது எங்க கேக்கப் போகுது? சத்தம் வச்சாலும் ஒண்ணுதான், வைக்காட்டியும் ஒண்ணுதான் டீச்சர். அவபாட்டுக்குப் பாத்துக்கிருப்பா." படிவத்தில் அதை எழுத இடமில்லை. எனக்கும் அது மண்டையில் ஏறவில்லை. பாண்டியும் பக்கத்தில் நின்றார். "பாத்தியா, அம்புட்டு அடிமையாயிட்டா. போனைக் குடுத்துக் குடுத்துத்தான் பிள்ளைக்குப் பேச்சு வராமப் போச்சு" என்றேன்.

பிறகு ஹரிணியின் அட்டையை வாங்கினேன். 'சத்தம் வரும் பக்கம் திரும்புகிறாள்: ஆம், இல்லை.' டம்ளரும் இல்லை, ஸ்பூனும் இல்லை, தறியும் நிற்கவில்லை. செத்த நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம், பிள்ளையைத் தெருமுனைக்காவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. அந்த நேரம் பார்த்து, துணி மடிக்க உள்ளே போயிருந்த கோமதி கொட்டகைக்குள்ளிருந்து கையை அசைத்தாள். படியில் இருந்த ஹரிணி எழுந்து ஓடினாள். போதாதா? 'ஆம்' என்பதில் டிக் போட்டேன், பக்கத்தில் 'பா' என்றும் எழுதினேன். ஓடியது அம்மாவின் கையைப் பார்த்து. இதை இன்றைக்கு நீங்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு ஏழு மாசம் ஆனது.

அந்த ஏழு மாசத்தை எப்படிச் சொல்வது? கோமதி நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். ஹரிணி தேடித் தேடி அழுதாள், சுவரில் தலையை முட்டினாள். "விட்டுக்குடுத்திராத" என்று நான் போகும்போதும் வரும்போதும் தைரியம் சொன்னேன். முன்பெல்லாம் வீடியோவில் வருகிறவர்களைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்த பிள்ளை அதையும் விட்டுவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு நாள் தெருவில் போகும்போது பாண்டி கோமதியை ஏசுவது கேட்டது. "போனைக் குடுத்துப் பிள்ளைய ஊமையாக்கிட்டியே! நானா சொல்லுதேன்? டீச்சரே சொல்லிட்டாக!" நான் நிற்காமல் நடந்துவிட்டேன். கோமதி அதற்கப்புறம் குழாயடியில்கூட யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்கு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாளில்தான் சத்துமாவுப் பொட்டலம் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். தறி ஓடாததால் தெருவே வேறு தெரு மாதிரி இருந்தது. காக்கை கத்துவது கேட்டது. ஹரிணி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் தீர்ந்த கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹரிணி" என்றேன். அடுக்கினாள். "ஏட்டி ஹரிணி!" அடுக்கினாள்.

அப்போது உள்ளே கேஸ் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசல் திண்டில் படுத்திருந்த பூனை பாய்ந்து ஓடியது. பிள்ளையின் தோள் அசையவில்லை. ஆறாவது கட்டையை நிதானமாக ஐந்தாவதின் மேல் வைத்தாள்.

கோமதியிடம் ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் புகுந்து டம்ளரும் ஸ்பூனும் எடுத்துவந்தேன். பின்னால் நின்றேன். நிழல் விழவில்லை. ஒரு தட்டு. காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன், அதற்கு மேலும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். எஸ்தர் மேடம் சொன்ன கெஞ்சல்தான் அது.

நிமிர்ந்தால் கோமதி வாசலில் நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"காதா டீச்சர்?"

"காதுதான் போலத் தெரியுது, தாயி."

அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப… போனுனால இல்லையா டீச்சர்? நான் பண்ணதுனால இல்லையா?" அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் அழுதாளா, பயத்தில் அழுதாளா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானும் அழுதேன். அம்மா அழுவதைக் கண்டு ஹரிணி கட்டையை விட்டுவிட்டு வந்து அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காது டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையில் பிள்ளைக்குத் தூங்க மருந்து கொடுத்து, தலையில் கம்பிகளை ஒட்டி, சத்தம் புகாத அறைக்குள் படுக்கவைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. பிறவியிலேயே இருந்திருக்கலாம், கைக்குழந்தையில் வந்த காய்ச்சலில் போயிருக்கலாம் என்றார்கள். முதலில் காதுக்கருவி வைத்துப் பார்ப்போம், பலன் இல்லையென்றால் உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷன், அரசாங்கக் காப்பீட்டில் செய்யலாம், ஆனால் வயசு ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம் என்றும் டாக்டர் சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்மா" என்றபடி அட்டையைப் புரட்டினார். புரட்டியவர் விரல் ஒரு வரியில் நின்றது. எனக்கு எஸ்தர் மேடத்தின் விரல் மாதிரியே இருந்தது.

"திரும்புகிறாள்னு டிக் போட்டிருக்கே. யாரு பாத்தது?"

நான் கோமதிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் எழுந்து கைதட்டு வாங்கின வாய் இது. திறக்கவில்லை.

"வீட்ல நாங்கதான் சார் திரும்புவான்னு சொன்னோம்" என்றாள் கோமதி.

அப்படி யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவே இல்லை. பாவம், பதற்றத்தில் என்னவோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் ஸ்டாப் வரைக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிள்ளை மடியில் தூங்கியது. இராஜபாளையம் வந்து இறங்கிவிட்டோம்.

காதுக்கருவி போதவில்லை. நாலரை வயதில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வாரா வாரம் பேச்சுப் பயிற்சி. வேடிக்கையைக் கேளுங்கள், பயிற்சி கொடுக்கிற பெண்ணே கோமதிக்கு வீடியோ அனுப்புவாள், அதைப் போட்டுப் பார்த்து வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து பழக்க வேண்டும். அரிசி டிரம்மிலிருந்து போன் வெளியே வந்தது. கோமதி தெருவில் எல்லாரிடமும், "டீச்சர் இல்லேன்னா எம்பிள்ளைக்குக் காது கேக்காதுன்னே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டபோது அதே பேச்சை ஒருவர் மேடையில் பேசினார். சால்வை முள்ளாகக் குத்தியது.

போன் நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்த டைப் அடிக்கிற பெண்ணின் மகன் போனைக் குறைத்த பிறகுதான் வாய் திறந்தான், அதையும் கண்ணால் பார்த்தேன். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

முத்துமாரியின் போனுக்குப் பிறகு நாலு நாள் தாக்குப்பிடித்தேன். சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி வெளியே போயிருந்தார். கோமதி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வா என்று கூப்பிட்டிருக்கலாம். சத்தத்துக்குள்ளேயே சொல்லிவிட்டால் பாதி கேட்காமல் போகும் என்கிற கோழைத்தனம் எனக்கு.

"கோமதி, அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. பாக்காமத்தான் டிக் போட்டேன். உங்ககிட்டக் கேக்கக்கூட இல்ல. போனு மேல பழியைப் போட்டு, உன் மேல பழியைப் போட்டு… ஏழு மாசம் போயிருச்சு, தாயி. மதுரையில வச்சும் நான் வாயைத் திறக்கல."

கத்தினேனா, முனகினேனா, எனக்கே கேட்கவில்லை. கோமதியின் கண் என் உதட்டிலேயே இருந்தது. தறிக்காரியாயிற்றே, ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது. நான் முடித்ததும் அவள் இரண்டு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டு, கையை என் பக்கம் விரித்துக் காட்டினாள்.

எனக்கு அந்தச் சாடை புரியவில்லை. போ என்கிறாளா? பைத்தியமா நீ என்கிறாளா? "என்ன தாயி?" என்று கேட்டேன். மறுபடியும் அதையே செய்தாள்.

யாரோ என் சேலையை இழுத்தார்கள். ஹரிணி. ஒன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், காதுக்குப் பின்னால் கருவி, இரட்டைச் சடை. நான் குனிந்தேன். என் காதில் வாயை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளிச் சொன்னாள்.

"தெ…யி…யும். அம்மாக்கு தெயியும்."

நான் நிமிர்ந்து பார்த்தபோது கோமதி அறுந்த நூலை முடிச்சுப்போடத் திரும்பியிருந்தாள். என்னால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை. ஹரிணி என் விரலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். எதற்கு என்று கேட்டேன். ஒரு கையால் தறியைக் காட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சத்தம்" என்றாள்.